ஒன்றரை அடி தூரம்

வைட் ஆங்கிள் லென்ஸை மாட்டிக்கொண்டு தெருவில் இருக்கிறவர்களின் முகத்தைப் படம் பிடிப்பது வெறும் பொழுதுபோக்கல்ல, அது ஒரு தர்மம் என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தூரத்தில் மறைந்து நின்று டெலிபோட்டோவில் எடுக்கிறவன் திருடனாம். வைட் ஆங்கிளில் எடுக்கிறவனோ மனிதனை நெருங்குகிறான், மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நிற்கிறான், ஆகவே அவன் யோக்கியன். அவர்கள் வாதத்தின் சாரம் இவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதனாலேயே அதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

காஞ்சீபுரத்துக்குத் தெற்கே, வந்தவாசி போகிற சாலையில், பாலாற்றுப் பாலத்துக்கு இப்பால் இருக்கிறது செவிலிமேடு. முன்பு தனிப் பேரூராட்சி. 2011-ல் காஞ்சீபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. அந்த நகராட்சியும் 2021-ல் மாநகராட்சியாகிவிட்டது. பெயர்ப் பலகை மாறியதே தவிர ஊர் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. லட்சுமி நரசிம்மர் கோயில் இருக்கிறது. ராமாநுஜர் வரதராஜருக்குத் தண்ணீர் சுமந்த சாலைக் கிணறு இருக்கிறது. தறி இருக்கிற வீடுகளும் இருக்கின்றன. எனக்கு வேண்டியவர்கள் சிலர் அங்கே இருப்பதால் வருஷத்தில் நாலைந்து தடவை போய்வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயும், காஞ்சீபுரத்தின் மற்ற நெசவாளர் தெருக்களிலும், சென்னையிலிருந்து கோஷ்டி கோஷ்டியாக வந்து இறங்குகிறார்கள். 'போட்டோ வாக்' என்று அதற்குப் பெயர். பத்துப் பேர், பதினைந்து பேர். தோளில் பை, தலையில் தொப்பி, கழுத்தில் காமிரா. எல்லாரும் படித்த, நல்ல பிள்ளைகள். யாரிடமும் கடுமையாகப் பேசமாட்டார்கள். அவர்கள் பேரில் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. அவர்கள் கையில் இருக்கிற சித்தாந்தத்தின் பேரில்தான் விரோதம்.

விடிந்ததும் நெசவாளர் தெருவில் பாவை நீட்டுவார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் போட்டு, இழையோடு இழை ஒட்டாமல் பிரித்து, அறுந்ததைத் தேடி முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோகவேண்டும். ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர் இரண்டு பக்கமும் நின்று செய்கிற வேலை. பேச நேரம் இருக்காது. கண் இழையிலேயே இருக்கும். இந்த நேரம் பார்த்துத்தான் கோஷ்டி வருகிறது. காலை வெளிச்சம் அப்போதுதான் நன்றாக இருக்குமாம்.

ஒரு நாள் பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே ஓர் இளைஞன் காமிராவைக் கொண்டுபோனான். ஒன்றரை அடி தூரம் இருக்கும். பெரியவர் இழையை விடாமலே சொன்னார்:

"ஏம்பா, என் மூஞ்சியில இன்னா இருக்குது? இதைப் புடி. இதுலதான் வேலை இருக்குது."

இளைஞன் சிரித்துக்கொண்டே, "சூப்பர் தாத்தா, அப்படியே இருங்க" என்று இன்னும் இரண்டு எடுத்தான். பிறகு காமிராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் எனக்குக் காட்டினான். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் வாய்க்கால் மாதிரி விழுந்திருந்தது. மூக்கு பெரிதாகி முன்னால் வந்து நின்றது. காது இரண்டும் தலைக்குப் பின்னால் எங்கேயோ போய்விட்டன. மூக்குக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகூடத் தெரிந்தது. பாவைத்தான் காணோம். "உழைப்போட ரேகை சார்" என்றான் பையன். ரேகை இருந்தது, சரி. உழைப்பு எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

மூக்கு ஏன் அப்படி வந்தது என்பதற்கு லென்ஸைக் குறை சொல்வது வழக்கம். லென்ஸின்மேல் குற்றமில்லை, கணக்கு மிகவும் எளிது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே ஏறக்குறைய 5 அங்குலம். நீங்கள் 5 அடி தள்ளி நின்றால் மூக்கு 60 அங்குலத்தில் இருக்கிறது, காது 65-ல். வித்தியாசம் அற்பம், கண் அதைப் பொருட்படுத்தாது. அதே ஆளை 18 அங்குலத்தில் பார்த்தால் காது 23-ல் இருக்கிறது. மூக்கு காதைவிடக் கால் பங்குக்கு மேல் பெரிதாகிவிடுகிறது. 85 மில்லிமீட்டர் லென்ஸில் தலையும் தோளும் சட்டத்துக்குள் நிறையவேண்டுமானால் 5 அடி தள்ளி நின்றாகவேண்டும். 28 மில்லிமீட்டரில் அதே அளவு வரவேண்டுமானால் ஒன்றரை அடிக்குப் போயாகவேண்டும். ஆக, முகத்தைக் கெடுப்பது தூரம். லென்ஸ் அந்தத் தூரத்துக்கு உங்களை அழைத்துக்கொண்டு போகிறது.

இதற்காக காமிரா கடைக்கும் போகவேண்டியதில்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கிற கைப்பேசியின் முக்கிய லென்ஸே பெரும்பாலும் 24-லிருந்து 28 மில்லிமீட்டர் பார்வைதான். 2018-ல் அமெரிக்க டாக்டர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள்: 5 அடியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் அதிகமாகத் தெரிகிறதாம். தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்துவிட்டு, மூக்கை அறுத்துச் சின்னதாக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைப் பற்றிய கவலையில் செய்த ஆராய்ச்சி அது. தன் மூக்கு பெரிதாகிவிட்டதே என்று டாக்டரிடம் ஓட வசதியுள்ளவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. செவிலிமேட்டுப் பெரியவர் தன் படத்தைப் பார்க்கப்போவதே இல்லை. அது கண்காட்சிக்குப் போகும், போட்டிக்குப் போகும், பரிசும் வாங்கும்.

'நெருக்கம்' என்ற வார்த்தைக்கு வருவோம். ராபர்ட் காபாவின் பேச்சை இதற்குச் சாட்சியாக இழுக்கிறார்கள். படம் சரியாக வராததற்குக் காரணம் போதுமான அளவு நெருங்காததுதான் என்பது அவர் கட்சி. அவர் 1944-ல் நார்மண்டிக் கடற்கரையில் குண்டுமாரிக்கு நடுவே காமிராவோடு இறங்கியவர். 1954-ல் இந்தோசீனாவில் கண்ணிவெடியை மிதித்து, 40 வயதில் உயிரை விட்டவர். நெருக்கத்துக்கு அவர் கொடுத்த விலை அது. நமது தெருவில் நெருங்குகிறவருக்கு என்ன அபாயம்? பாவுக் கயிறு தடுக்கி விழலாம். அவ்வளவுதானே?

வில்லியம் க்ளைனையும் சொல்வார்கள். 1956-ல் வெளிவந்த அவருடைய நியூயார்க் புத்தகத்தில் முகங்கள் லென்ஸோடு வந்து மோதுகின்றன. வாஸ்தவம். ஆனால் அது அவர் பிறந்து வளர்ந்த ஊர். அந்தத் தெருவாசிகள் சும்மா இருக்கவில்லை. முகத்தைச் சுளிக்கிறார்கள், பல்லைக் காட்டுகிறார்கள், ஒரு பையன் விளையாட்டுத் துப்பாக்கியைக் காமிராவின் மூக்குக்கு நேரே நீட்டுகிறான். அடிக்கு அடி கொடுக்கிற ஆட்டம் அது. இங்கேயோ எதிராளியின் இரண்டு கையும் பட்டு இழையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவன் கையை எடுத்தால் இழை அறும். அறுந்தால் கூலி போகும். கையைக் கட்டிப்போட்டவனோடு மல்யுத்தம் செய்துவிட்டு, 'எத்தனை அருகில் போனேன் பார்' என்று மார்தட்டுவதற்கு வைட் ஆங்கிள் தர்மம் என்று பெயரா?

அருகில் போனால் ஆளைத் தெரிந்துவிடும் என்று யார் சொன்னது? இந்த விஷயத்தில் செவிலிமேட்டுக்கே ஒரு கதை இருக்கிறது. காசி யாத்திரையில் தம்மைக் கொல்லச் சதி நடப்பது தெரிந்து, இளம் ராமாநுஜர் விந்தியக் காட்டில் தப்பி ஓடுகிறார். வேடனும் வேடுவச்சியும் வழித்துணைக்கு வருகிறார்கள். கூடவே நடக்கிறார், கூடவே தங்குகிறார். வேடுவச்சி தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறாள். விடிந்ததும் ஒரு கிணற்றில் இறங்கி, கையால் முகந்துவந்து கொடுக்கிறார். மூன்று தடவை கொடுத்தாயிற்று. அடுத்த தடவை வந்து பார்த்தால் ஆளைக் காணோம். எதிரே காஞ்சீபுரத்துக் கோபுரம் தெரிகிறது. வந்தவர்கள் வரதராஜனும் பெருந்தேவித் தாயாரும் என்று அப்போதுதான் புரிகிறது. அந்தக் கிணறுதான் சாலைக் கிணறு. இரவெல்லாம் பக்கத்திலேயே இருந்தும் ராமாநுஜருக்கே ஆளைத் தெரியவில்லை. நூற்றிருபத்தைந்தில் ஒரு விநாடி பக்கத்தில் நின்றவர் எல்லாம் தெரிந்துவிட்டதாகச் சொல்கிறார்.

இன்னொரு வித்தை இருக்கிறது. அதைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். யோக்கியதைக்கு அடையாளம் என்று சொல்கிற இதே லென்ஸ், ஏமாற்றுவதற்கும் மிகத் தோதானது. 28 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை 75 டிகிரி பார்க்கிறது. 24-ல் இன்னும் அதிகம். காமிராவை எதிரே இருக்கிற கோபுரத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டால், பக்கவாட்டில் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றுகிற பெண்ணும் சட்டத்துக்குள் வந்துவிடுவாள். அவளுக்குத் தெரியாது, கோபுரத்தை எடுக்கிறான் என்று நினைத்துச் சும்மா இருப்பாள். இதை ஒரு சாமர்த்தியமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். எடுத்தபின் கண்ணைச் சந்திக்காதே, அவளுக்குப் பின்னால் இருப்பதையே பார்த்துக்கொண்டு நட என்பது அடுத்த பாடம். டெலிபோட்டோக்காரன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். இவன் எதிரிலேயே நின்றுகொண்டு ஒளிந்துகொள்கிறான். இரண்டில் எது யோக்கியம் என்று என்னைக் கேட்டால், மரத்துக்குப் பின்னால் இருக்கிறவனாவது தான் ஒளிந்திருப்பதை ஒப்புக்கொள்வான் என்பேன்.

சட்டத்தின் ஓரத்தில் விழுகிற முகம் என்ன கதியாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வைட் ஆங்கிளின் ஓரத்தில் வட்டம் முட்டையாகும்; தலை பக்கவாட்டில் இழுபட்டுப்போகும். வீட்டுக் கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் நிற்க யாருக்கும் பிரியமில்லை அல்லவா? அந்த ஓரம்தான் இந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிறது.

இவ்வளவு சொன்னதால் வைட் ஆங்கிள் லென்ஸையே பாலாற்றில் எறியச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். உண்மையில் அந்த லென்ஸுக்கு நியாயமான வேலை ஓர் இடத்தில் உண்டென்றால், அது நெசவாளி வீட்டுக்குள்தான். தறி போக மிஞ்சுகிற இடம் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கப் போதுமானது. 85 மில்லிமீட்டரை மாட்டினால் நெய்கிறவருடைய தோள்பட்டையும் பாதி அச்சும்தான் கிடைக்கும். அகலமாகப் பார்க்கிற லென்ஸ் இருந்தால் என்னென்ன வரும்! தரையில் வெட்டிய குழி. குழியில் காலைவிட்டு மிதிபலகையை மிதிக்கிற ஆள். தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டி. ஓட்டை போட்ட அட்டைகளின் மாலை. கோர்வைப் புடவையானால் பக்கத்தில் மனைவியோ மகளோ உட்கார்ந்து கரைக்கான நாடாவைப் போட்டுக்கொண்டிருப்பாள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறமென்றால் அதை ஒரு ஆள் நெய்ய முடியாது. இரண்டு பேர் வேண்டும். அப்படி ஒரு புடவை முடிய வேலைப்பாட்டைப் பொறுத்து 10 நாளும் ஆகும், 20 நாளும் ஆகும். சுவரில் பிள்ளையின் பள்ளிக்கூடப் படம் மாட்டியிருக்கும். ஜன்னல் விளிம்பில் ஆறிப்போன காபி இருக்கும். இத்தனையும் ஒரே படத்தில் வரும். ஒரு சிறுகதைக்கு நான் பத்துப் பக்கம் எழுதிச் சேர்க்கவேண்டிய விஷயங்கள் அவை. பொறாமையாகத்தான் இருக்கிறது.

ரகுபீர் சிங் அப்படித்தான் எடுத்தார். 1999-ல் அவர் காலமாகும்வரை கலரிலேயே நம் தேசத்துத் தெருக்களை எடுத்தார். அகலமான சட்டத்துக்குள் மனிதர், மாடு, வண்டி, சுவர், கண்ணாடியில் தெரிகிற இன்னொரு மனிதர் என்று நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். யாருடைய மூக்கும் பெரிதாக இராது. ஊர் பெரிதாக இருக்கும். அகலத்தை அகலத்துக்காகவே அவர் உபயோகித்தார். நம் கோஷ்டி அதைக் கொண்டு ஒரே ஒரு மூக்கைப் பெரிதாக்குகிறது.

நெருங்க வேண்டாம் என்பதும் என் கட்சியல்ல. கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டே உலகத்தைச் சுற்றினார். 1948 ஜனவரியில் காந்திஜியின் கடைசி நாட்களில் டில்லியில் இருந்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்தார். அவரைக் கோழை என்று யாரும் சொன்னதில்லை. நெருக்கமும் தூரமும் சந்தர்ப்பத்தைப் பொறுத்தவை. அதில் தர்மத்தைக் கொண்டுவந்து ஏன் நுழைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

குழித்தறியைப் பற்றி இன்னும் ஒன்று. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். நின்றுகொண்டு மேலேயிருந்து வைட் ஆங்கிளில் எடுத்தால் தலை பூசணிக்காய் மாதிரி வரும். உடம்பு கீழே போகப் போகச் சிறுத்துவிடும். கால்தான் குழிக்குள் இருக்கிறதே, அது வராது. ஆகமொத்தம் ஒரு குள்ளர் கிடைப்பார். நான் பார்த்த தறிப் படங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எடுத்தால் சரியாக வரும். உட்காருவதில் என்ன கஷ்டம்? பேன்ட் அழுக்காகும்.

கேட்டுவிட்டு எடுங்களேன் என்றால் அவர்களுக்கு ஒரு பெரிய ஆக்ஷேபம் இருக்கிறது. கேட்டால் இயற்கைத்தன்மை போய்விடுமாம். ஆள் விறைத்து, போஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுவானாம். இந்தப் போஸைப் பற்றி இவர்களுக்கு ஏன் இத்தனை இளப்பம் என்று எனக்குப் புரியவில்லை. நம் தாத்தாக்கள் டவுன் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டதைப் பாருங்கள். இரவல் கோட்டு, பக்கத்தில் முக்காலி, அதன்மேல் பூஜாடி, கையில் நிற்காத கடிகாரமோ ஓடாத கடிகாரமோ, ஏதோ ஒன்று, பாட்டி நாற்காலியில், தாத்தா பின்னால். செயற்கைதான், யார் இல்லை என்றது? ஆனால் தன்னை உலகம் எப்படிப் பார்க்கவேண்டும் என்று அந்த மனிதர் தாமே தீர்மானித்தார். கூலிக்காரருக்கும் அந்த ஸ்டூடியோவில் ஐந்து நிமிஷத்துக்கு அந்த உரிமை இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் பமாகோ நகரத்தில் சேடு கெய்ட்டா 1948-லிருந்து அப்படி ஸ்டூடியோ வைத்து எடுத்த படங்களை இன்றைக்குப் பெரிய மியூசியங்களில் மாட்டியிருக்கிறார்கள். போஸ் கொடுத்ததனால் அவற்றில் மனிதர் இல்லாமல் போய்விடவில்லை. தவிர, நெசவாளி எத்தனை நேரம் போஸ் கொடுப்பார்? ஐந்து நிமிஷம். பிறகு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நீங்கள் இருப்பதே அவருக்கு மறந்துவிடும். ஐந்து நிமிஷம் காத்திருக்கப் பொறுமையில்லாததற்கு இயற்கைத்தன்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கேளாமல் எடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1876-லிருந்து 78 வரை தாது வருஷப் பஞ்சத்தில் இந்த ஜில்லாக்களெல்லாம் செத்துக்கொண்டிருந்தபோது, மதராஸ் ராணுவத்து அதிகாரி ஹூப்பர் என்பவர் எலும்பும் தோலுமான ஜனங்களைக் கும்பலாக உட்காரவைத்துப் படம் பிடித்தார். முக்காலி போட்ட பெரிய காமிரா; மரியாதையான தூரம். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. அதில் ஒருவருக்காவது பெயர் உண்டா? ஆகவே தூரத்தைக் கூட்டிவிட்டால் பாவம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். கனடாவில் மாண்ட்ரீல் நகரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியின்றிப் பத்திரிகையில் போட்டதற்கு, அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1998-ல் 2,000 டாலர் நஷ்ட ஈட்டை உறுதி செய்தது. நம் உச்ச நீதிமன்றம் 1994-ல் ராஜகோபால் வழக்கில், தமிழ்நாட்டு விவகாரம் ஒன்றிலேயே, தன்னை விட்டுவிடும்படி சொல்ல மனிதனுக்கு உரிமை உண்டு என்றது. 2017-ல் 9 நீதிபதிகள் கூடி அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் பொதுத் தெருவில் காமிராவைத் தூக்கினால் போலீஸ்காரர் வந்து பிடிக்கப்போவதில்லை. பிடிக்கவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் போலீஸைக் கூப்பிடுகிற தேசத்தில் எழுத்தாளனும் நிம்மதியாக இருக்க முடியாது.

சுவாமிக்கு மட்டும் ஏற்பாடு பலமாக இருக்கிறது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை விதிக்க உத்தரவிட்டது. கர்ப்பக்கிருகத்தைப் படம் எடுக்கக் கூடாது என்பது அதற்கு வெகு முன்பிருந்தே உள்ள வழக்கம். நம் போட்டோ கோஷ்டியும் கோயில் வாசலில் காமிராவை நல்ல பிள்ளையாகப் பைக்குள் வைத்துக்கொள்கிறது. வெளியே வந்ததும், சுவாமிக்குப் பட்டு நெய்கிறவன் முகத்துக்கு நேரே அதே காமிராவை நீட்டுகிறது.

பத்திரிகைக்காரர்களுக்கும் போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டோக்காரர்களுக்குச் சொல்வதைவிட உங்களுக்குச் சொன்னால் பலிக்கும். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் போடுகிறீர்கள்; காமிராவின் பெயர், லென்ஸின் பெயர், எத்தனை விநாடி திறந்திருந்தது என்பதெல்லாம் போடுகிறீர்கள். படத்தில் இருக்கிறவருக்கு 'காஞ்சி நெசவாளி' என்று போட்டு முடித்துவிடுகிறீர்கள். அவர் பெயர் தெரியாமல் வருகிற முகப் படத்தை வாங்கமாட்டோம் என்று ஒரு வருஷம் சொல்லிப் பாருங்களேன். பெயர் வேண்டுமானால் கேட்டாகவேண்டும். கேட்கவேண்டுமானால் காமிராவை முகத்திலிருந்து இறக்கியாகவேண்டும். "எதுக்குத் தம்பி எடுக்கறீங்க, எங்கே போடுவீங்க?" என்று அவரும் கேட்பார். பதில் சொல்லவேண்டியிருக்கும். வேண்டாம் என்றால் வந்துவிடவேண்டியதுதான். பெயர் வெளியில் வர இஷ்டமில்லை என்று அவர் சொன்னால், அதை அப்படியே குறித்து அனுப்பட்டும். கேட்டதற்கு அதுவும் ஓர் அத்தாட்சிதானே?

ஒரு பிரதி அச்சடித்துக் கொண்டுவந்து கொடுப்பதையும் விதியாக வைக்கலாம். செலவு இரண்டு காபிக்கு மேல் ஆகாது. அந்தப் பெரியவரிடம் பிறகு ஒரு முறை கேட்டேன், அந்தப் பையன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தானா என்று.

"எந்தப் பையன்?" என்றார். "தெனம் நாலு பேரு வராங்க."